காற்றில் போகும் தகவல்: வைபை எப்படி இயங்குகிறது, அதை யாரெல்லாம் கேட்கலாம்?

1990களில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். பற்றரி கிடைக்காது, மின்சாரமும் இல்லை. ஆனாலும் இலண்டனிலிருந்து தமிழோசையும் மணிலாவிலிருந்து வெரித்தாசும் வந்துகொண்டிருந்தன. ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் கூடி நின்று செய்தி கேட்பார்கள்.

இன்று அதே வீடுகள் பலவற்றின் மூலையில் சின்ன விளக்கு மினுங்கும் பெட்டி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையுடன் முகம் பார்த்துப் பேசுவதும், காணி உறுதியைப் படமெடுத்துச் சட்டத்தரணிக்கு அனுப்புவதும், காணாமல் ஆக்கப்பட்ட உறவினரின் விபரங்களை எழுதி அனுப்புவதும் அந்தப் பெட்டி வழியாகத்தான் நடக்கின்றன. அந்தப் பெட்டியும் ஒரு வானொலிதான். பழைய வானொலி கேட்க மட்டும் செய்தது. அதை யார் கேட்டார்கள் என்பது இலண்டன் நிலையத்திற்குத் தெரியாது. இந்தப் பெட்டியும் நமது கைத்தொலைபேசியும் பேசவும் செய்கின்றன. அவை பேசுவது நான்கு திசைக்கும் போகிறது. அயலில் இருக்கும் எவரது கருவிக்கும் எட்டுகிறது.

ஆகவே இந்தக் கம்பியற்ற வலையமைப்பு எப்படி இயங்குகிறது, அதில் எது மறைந்திருக்கிறது, எது வெளியே தெரிகிறது என்பதை அறிந்திருப்பது தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு மட்டும் உரிய விடயமல்ல.

அலை என்பது என்ன?

மின்சாரமும் காந்தமும் சேர்ந்து அலையாக வெளியில் பரவும் என்று 1860களில் கணக்கின் மூலம் காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல். அந்த அலைகளை 1887-88 காலப்பகுதியில் ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டியவர் ஹைன்ரிச் ஹேர்ட்ஸ். ஓர் அலை ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்பதே அதன் மீடிறன். அந்த அளவுக்கு ஹேர்ட்ஸின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

பண்பலை வானொலி ஏறத்தாழ 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையான இடத்தில் இயங்குகிறது. அதன் ஓர் அலையின் நீளம் சுமார் 3 மீற்றர். வைபை பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்ற இரு இடங்களில் இயங்குகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் என்றால் செக்கனுக்கு 240 கோடி அதிர்வுகள். இந்த அலையின் நீளம் பன்னிரண்டரை சென்ரிமீற்றர், ஏறக்குறைய ஒரு சாண் அளவுக்குள் வந்துவிடும்.

தமிழோசை வந்த சிற்றலை, வானத்தின் உயரத்திலுள்ள மின்னேற்றம் பெற்ற படையில் பட்டுத் திரும்பிக் கடல் கடந்து வந்தது. வைபையின் அலை அப்படித் திரும்புவதில்லை. அது நேர்கோட்டில் போகும், சுவரில் பட்டுத் தேயும். அனுப்பும் வலுவும் மிகச் சிறியது. பொதுவாக 100 மில்லிவாற், அதாவது ஒரு வாற்றில் பத்தில் ஒரு பங்கு. அது நமது கைத்தொலைபேசியை வந்தடையும்போது பல வேளைகளில் நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அந்தச் சிறு துளியிலிருந்துதான் தொலைபேசி படத்தையும் குரலையும் மீட்டெடுக்கிறது.

ஹவாய்த் தீவுகளில் வந்த கேள்வி

கணினிகளை வானொலி அலையால் இணைக்கும் முதல் பெரிய முயற்சி 1971 இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பல்கலைக்கழகத்தின் பிரிவுகள் வெவ்வேறு தீவுகளில் இருந்தன. எல்லாவற்றுக்கும் நடுவிலுள்ள கணினி ஒன்றே. நோர்மன் ஏப்ரம்சனும் அவரது குழுவினரும் அலோஹாநெற் என்ற வலையமைப்பை உருவாக்கினார்கள்.

அங்கு எழுந்த கேள்வி இதுதான்: எல்லோருக்கும் ஒரே காற்று. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் குழம்பிப் போகும். யார் முதலில் பேசுவது? அவர்கள் கண்ட வழி எளிமையானது. அனுப்ப வேண்டியதை அனுப்பு. கிடைத்தது என்று மறுமுனை பதில் அனுப்பினால் சரி. பதில் வராவிட்டால் குழம்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ஏதோ ஒரு சிறிய நேரம் பொறுத்து மீண்டும் அனுப்பு. ஒவ்வொருவரும் பொறுக்கும் நேரம் வெவ்வேறாக இருப்பதால் மறுபடி மோதும் வாய்ப்புக் குறையும். இந்த எண்ணத்தின் வழிவந்த முறையே இன்றைய வைபையிலும் இருக்கிறது.

1985 இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, சில மீடிறன் பகுதிகளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அவற்றில் ஒன்று. மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் அதே பகுதியில்தான். அடுப்பு ஓடும்போது சில வீடுகளில் வைபை தடங்குவது இதனால்தான்.

வெவ்வேறு கம்பனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேச ஒரு பொது விதி தேவைப்பட்டது. விக் ஹேய்ஸ் தலைமை தாங்கிய குழு 802.11 என்ற அந்த விதியை 1997 இல் வெளியிட்டது. அப்போதைய வேகம் செக்கனுக்கு 2 மெகாபிற் மட்டுமே. 1999 இல் அது 11 மெகாபிற் ஆகியது. வைபை என்ற பெயர் சந்தைப்படுத்தலுக்காக வைக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

எழுத்து எப்படி அலையாகிறது?

கணினிக்குள் எழுத்து, படம், குரல் எல்லாமே பூச்சியமும் ஒன்றும்தான். ரவுட்டர் தனது அலையின் உயரத்தையும், அது தொடங்கும் நிலையையும் மிக விரைவாக மாற்றி மாற்றி அனுப்புகிறது. ஒவ்வொரு மாற்றமும் சில பூச்சியங்களையும் ஒன்றுகளையும் குறிக்கும். எதிர்முனை அந்த மாற்றங்களைப் படித்துத் திரும்பவும் எண்களாக்குகிறது.

பெரிய கோப்பு ஒரே முறையில் போவதில்லை. அது ஏறத்தாழ 1500 பைற் அளவான சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகிறது. 3 மெகாபைற் அளவான ஒரு படம் சுமார் 2000 பொதிகளாகப் போகும். ஒவ்வொரு பொதியின் முகப்பிலும் அனுப்புபவரின் முகவரியும் பெறுபவரின் முகவரியும் இருக்கும். ஒரு பொதி தவறினால் அது மட்டும் மறுபடி அனுப்பப்படும்.

வீட்டுக்குள் அலை பல வழிகளால் வரும். நேரே வருவது ஒன்று, சுவரில் பட்டு வருவது இன்னொன்று, அலுமாரியில் பட்டு வருவது வேறொன்று. அவை சற்று முன்பின்னாக வந்து ஒன்றையொன்று குழப்பும், மலையடிவாரத்தில் கூவினால் எதிரொலி குழப்புவதுபோல. இதற்குத் தீர்வு, ஒரே வேகமான ஓட்டத்தைப் பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்து அருகருகே அனுப்புவது. 2003 இல் வந்த வைபை முறையில் இப்படி 52 சிறு ஓட்டங்கள் இருந்தன. இதில் முக்கிய பங்காற்றிய அவுஸ்திரேலிய ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஜோன் ஓ'சலிவன், அதற்கு முன்னர் வானொலி வானியலில் கருந்துளைகளின் சமிக்ஞையைத் தேடியவர். அங்கே கற்ற கணித முறை வீட்டுப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

ஒருவர் பேச, மற்றவர் பொறுக்க

ஒரு வைபை அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும். எனவே ஒவ்வொரு கருவியும் அனுப்பும் முன் காற்றைக் கேட்கும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் பொறுக்கும். அமைதியானதும், எழுமாறாக ஒரு சிறு நேரம் தாமதித்து அனுப்பும். கிடைத்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும். இது ஒரு செக்கனுக்குள் ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது.

தனியார் கல்வி நிலையத்தில் 40 பிள்ளைகள் ஒரே ரவுட்டரில் இணையும்போது எல்லோருக்கும் வேகம் குறைவதற்குக் காரணம் இந்த வரிசைதான். தூரத்தில் இருக்கும் ஒரு கருவி மெதுவாகப் பேசினால் அதன் முறை முடியும் வரை மற்றவர்களும் காத்திருக்க வேண்டும். அத்துடன், ஒரே ரவுட்டரின் இரு பக்கத்திலும் இருக்கும் இருவர் ஒருவரையொருவர் கேட்கமுடியாத தூரத்தில் இருந்தால், காற்று அமைதியாக இருக்கிறது என்று இருவருமே நினைத்து ஒரே நேரத்தில் பேசி மோதுவார்கள்.

2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியில் ஒன்றோடொன்று குழம்பாத அலைவரிசைகளாகப் பொதுவாகப் பயன்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்று. அயல்வீட்டு ரவுட்டர் 6 இல் இருந்தால் உங்களுடையதை 1 இற்கோ 11 இற்கோ மாற்றினால் பலன் தெரியும்.

சுவரும் தகரமும் தண்ணீரும்

பலகையும் ஓலையும் இந்த அலையை அதிகம் தடுக்காது. கம்பி போட்ட கொங்கிறீட் நன்றாகத் தடுக்கும். தகரம் ஏறத்தாழ முழுவதும் திருப்பி அனுப்பிவிடும். தண்ணீர் அலையை உறிஞ்சும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் சமிக்ஞை குறையும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் கூடியது, ஆனால் சுவரில் விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே ரவுட்டரை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில், இரும்பு அலுமாரிக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் விலக்கி வைப்பது நல்லது.

தடை எதுவும் இல்லாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரிந்தால், ஒரே திசைக்கு அனுப்பும் அன்ரனாவைக் கொண்டு வைபையைப் பல கிலோமீற்றர் கொண்டுபோகலாம். நேபாளத்தில் அரசுக்கும் மாவோயிஸ்டுகளுக்கும் இடையே போர் நடந்துகொண்டிருந்த 2000களின் தொடக்கத்தில் மகாபீர் புன் என்ற ஆசிரியர் இதைச் செய்து காட்டினார். வீதியோ தொலைபேசியோ இல்லாத தனது மலைக் கிராமமான நாங்கியை, வீட்டுப் பாவனைக்கான வைபை கருவிகளைக் கொண்டு பொக்கறா நகரத்தின் இணையத்துடன் இணைத்தார். இடையிலிருந்த மலையில் மரத்தின் மேல் அன்ரனா கட்டப்பட்டது. பின்னர் மேலும் பல கிராமங்கள் அந்த வலையமைப்பில் சேர்ந்தன; ஊர்ச் சிகிச்சை நிலையங்கள் நகர வைத்தியர்களுடன் பேசின. 2007 இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

நாங்கியின் அலை பல கிலோமீற்றர் போனது என்றால், அயல்வீட்டுக்காரரோ வீதியில் நிறுத்திய வாகனத்தில் இருப்பவரோ நல்ல அன்ரனா ஒன்றை வைத்து உங்கள் வீட்டு அலையைப் பிடிக்கவும் முடியும். தொலைபேசியில் கோடுகள் குறைந்துவிட்டன என்பதால் அலை அங்கே முடிந்துவிட்டது என்று எண்ணக்கூடாது.

வைபை வேறு, இணையம் வேறு

வைபை என்பது உங்கள் கருவிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான சில மீற்றர் தூரம் மட்டுமே. ரவுட்டருக்கு அப்பால் கம்பியாகவோ, கண்ணாடி இழையாகவோ, கைத்தொலைபேசிக் கோபுரமாகவோ வேறொரு வழி தொடங்குகிறது. அது சேவை வழங்கும் கம்பனியின் கையில் இருக்கிறது.

2018 மார்ச்சில் கண்டி வன்முறைகளின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின்னரும் இலங்கையில் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் போன்றவை முடக்கப்பட்டன. அப்போது வைபை அடையாளம் முழுமையாகவே தெரிந்தது, செய்தி மட்டும் போகவில்லை. தடை இருந்தது வீட்டுக்குள் அல்ல, ரவுட்டருக்கு அப்பாலான வழியில். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், எந்தப் பூட்டு எந்த இடத்தைக் காக்கிறது என்பதும் விளங்கும்.

முதலாவது பூட்டு: வைபை கடவுச்சொல்

காற்றில் போவதை எவரும் பிடிக்கலாம் என்பதால், பிடித்தாலும் விளங்காதபடி அதைக் குழப்பி அனுப்ப வேண்டும். இதுவே மறைகுறியாக்கம். 1997 இல் வந்த முதலாவது முறையான டபிள்யூ.ஈ.பி. பலவீனமானது. 2001 இல் மூன்று ஆய்வாளர்கள் அதன் அடிப்படைக் குறையைக் கண்டுபிடித்தார்கள். அதன் பின்னர் சில நிமிடங்களில் உடைக்கும் கருவிகளே வந்துவிட்டன. 2004 இல் டபிள்யூ.பி.ஏ.2 வந்தது. இன்றும் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுவே. 2017 இல் அதிலும் ஒரு குறை வெளிப்பட்டது. கருவிகளைப் புதுப்பித்தவர்களுக்கு அது அடைக்கப்பட்டது. 2018 இல் டபிள்யூ.பி.ஏ.3 அறிமுகமானது.

டபிள்யூ.பி.ஏ.2 இல் உங்கள் கடவுச்சொல் காற்றில் போவதில்லை. அதிலிருந்து கணித்த ஒரு விடையை இரு கருவிகளும் ஒப்பிட்டுக்கொள்கின்றன. ஆனால் அந்த ஒப்பீட்டைப் பதிவு செய்துகொண்டவர் பின்னர் தனது கணினியில் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்க்கலாம். இங்கேதான் நம்மில் பலர் செய்யும் தவறு இருக்கிறது. வீட்டுக் கைத்தொலைபேசி இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைக்கிறோம். இலங்கைக் கைத்தொலைபேசி இலக்கங்கள் 07 இல் தொடங்குபவை. மீதி எட்டு இலக்கங்களுக்கு 10 கோடி சாத்தியங்களே உள்ளன. வலுவான வரைகலை அட்டை உள்ள கணினிக்கு அது ஒரு மணித்தியால வேலைகூட இல்லை.

இன்னொரு விடயம். தேநீர்க்கடையிலோ விடுதியிலோ சுவரில் எழுதி ஒட்டிய கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும். டபிள்யூ.பி.ஏ.2 இல் அந்தச் சொல் தெரிந்தவர், நீங்கள் இணையும் கணத்தைப் பதிவு செய்திருந்தால், உங்கள் கருவிக்கான சாவியையும் கணிக்க முடியும். எனவே பொது இடத்தில் கடவுச்சொல் இருப்பது பாதுகாப்பு ஆகாது. கடையின் பெயரிலேயே வேறொருவர் இன்னொரு வலையமைப்பை வைத்து உங்களைத் தன்னிடம் இணையச் செய்யவும் முடியும்.

இரண்டாவது பூட்டு: அந்த முனை வரை

நல்ல செய்தி என்னவென்றால், இன்று பெரும்பாலான தளங்கள் எச்.ரி.ரி.பி.எஸ். என்ற பூட்டுடன் வருகின்றன. உங்கள் உலாவிக்கும் அந்தத் தளத்திற்கும் இடையில் போவதை வைபையைக் கேட்பவரோ சேவைக் கம்பனியோ படிக்க முடியாது. வட்ஸ்அப் 2016 முதல் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கும் முறையில் இயங்குகிறது. வைபை பூட்டு உடைந்தாலும் இந்தப் பூட்டு நிற்கும்.

ஆனால் கடிதம் மூடியிருந்தாலும் உறையின் மேலுள்ளது தெரியும். எந்தத் தளத்துடன், எப்போது, எவ்வளவு நேரம் தொடர்பில் இருந்தீர்கள் என்பது பெரும்பாலும் தெரியக்கூடியது. ஒவ்வொரு கருவிக்கும் 12 குறிகள் கொண்ட வன்பொருள் முகவரி ஒன்று உண்டு. அது மறைக்கப்படாமலே காற்றில் போகும். பழைய தொலைபேசிகள் தாம் முன்னர் இணைந்த வலையமைப்புகளின் பெயர்களைக் கூவிக் கூவித் தேடும். இவற்றைக் கொண்டு ஒரு தொலைபேசி எங்கெல்லாம் வந்துபோனது என்று பின்தொடரலாம். இதனால்தான் 2014 முதல் ஐபோன்களிலும் பின்னர் அன்ட்ரொயிட்டிலும் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டும் வசதி வந்தது.

இவை எதுவும் தொலைபேசியே இன்னொருவர் கைக்குப் போனால் உதவாது. திரையைத் திறந்தவருக்குச் செய்திகள் எல்லாம் திறந்தே இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. ரவுட்டரின் அமைப்பில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 தெரிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூ.ஈ.பி. இருந்தால் உடனே மாற்றுங்கள்.

2. தொடர்பில்லாத நான்கு ஐந்து சொற்களைச் சேர்த்து நீளமான கடவுச்சொல் வையுங்கள். 63 எழுத்துகள் வரை வைக்கலாம். தொலைபேசி இலக்கம், பிறந்த திகதி, பிள்ளையின் பெயர் வேண்டாம்.

3. ரவுட்டரின் அமைப்புக்குள் நுழையும் கடவுச்சொல் வேறு. அது கம்பனி தந்தபடியே இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

4. வலையமைப்பின் பெயரில் உங்கள் குடும்பப் பெயரையோ வீட்டு இலக்கத்தையோ போடாதீர்கள். அது வீதியில் போகும் எல்லோருக்கும் தெரியும்.

5. வந்துபோவோருக்கு விருந்தினர் வலையமைப்பைத் தனியாகத் திறந்து கொடுங்கள்.

6. பொது வைபையில் இணைந்து முடித்ததும் அந்தப் பெயரைத் தொலைபேசியிலிருந்து நீக்குங்கள். தேவையில்லாத நேரத்தில் வைபையை நிறுத்துங்கள்.

7. முக்கியமான ஆவணம் அனுப்ப வேண்டியிருந்தால் பொது வைபையை விடச் சொந்த சிம் அட்டையின் தரவு இணைப்பு நல்லது.

8. தொலைபேசியும் ரவுட்டரும் கேட்கும் மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

இடப்பெயர்வுகளில் படங்களையும் உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் இழந்தவர்கள் நாம். எஞ்சியவற்றைப் படமெடுத்து உறவினரிடம் அனுப்பி வைப்பது அவற்றைக் காக்கும் வழிகளில் ஒன்று. அதைப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. அனுப்பும் முன், எந்த வலையமைப்பில் இருக்கிறோம், அதன் கடவுச்சொல் யாருக்குத் தெரியும், போகும் வழியில் இரண்டாவது பூட்டு இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொண்டால் போதும். இன்று மாலையே ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும்.